பத்து நாள் ஓய்வு

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடது கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தேன். இமை வீங்கிச் சிவந்து ஒட்டிக் கிடந்தது. நெற்றியில் யாரோ அம்மிக் குழவியை வைத்துவிட்டுப் போனதுபோல் பாரம். அந்த நிலையிலும் முதலில் வந்த நினைப்பு கண்ணைப் பற்றியது அல்ல. இன்றைக்கு எண்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டுமே, அத்தை என் முகத்தைப் பார்ப்பதற்குள் எப்படி வெளியே போவது என்பதுதான்.

பதினைந்து வயதிலிருந்தே எனக்கு மூக்குத் தொந்தரவு உண்டு. தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். பின்னாலேயே சாரல் வரும், குற்றாலத்தில் தண்ணீர் விழும். வெளியூர்க்காரர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேன் பிடித்து வருவார்கள். உள்ளூரில் வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம் கேட்கும். "தலையில நீர் கோத்திருக்கு" என்பாள் ஆச்சி. நீர்க்கோவை மாத்திரையை உரசி நெற்றியில் பற்றுப் போடுவாள். நொச்சியிலை போட்டு வேது பிடிக்கச் சொல்வாள். கடைசியாக உத்தரவுகள் வரும்: "தலைக்கு ஊத்தாத, ஈரத்துல நிக்காத, சைக்கிள்ல சுத்தாத." என் தம்பிக்கும் அதே மூக்குதான். அவனுக்குப் பற்றும் வேதும் மட்டும் கிடைத்தன, உத்தரவுகள் எனக்கு வந்தன.

சுற்றுவதற்கு என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. 2001-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் மற்றவர்களுக்கும் விரிந்தது. 2006-இல் பதினொன்றாம் வகுப்பில் எனக்கும் ஒன்று கிடைத்தது. கீழப்பாவூர் பக்கம் எங்கள் ஊர். அந்தச் சைக்கிளில் நான் பள்ளிக்குப் போனேன், ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கி வந்தேன், அம்மா சுற்றிய பீடிக் கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வந்தேன். மூக்கு ஒழுக ஒழுக, மழையில்கூடப் போயிருக்கிறேன். அந்தப் பயணங்களுக்கு ஆச்சியின் தடை கிடையாது. வேலை எதுவும் இல்லாமல் சும்மா கண்மாய்க்கரை வரை ஒரு மிதி மிதித்துவிட்டு வந்தால்தான், "மண்டையில நீர வச்சுக்கிட்டு எங்கட்டி போன?" என்ற கேள்வி வரும்.

இந்த வேறுபாடு எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. 1991-92-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததைப் பற்றிக் கல்லூரியில் படித்தேன். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று அந்தச் சைக்கிளுக்கு ஆயிரம் உபயோகம். கேலி பேசிய ஊர் பிற்பாடு வாயை மூடிக்கொண்டதற்கு அந்த உபயோகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்களின் மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு எதையும் சுமந்து வராத சைக்கிளை, வெறுமனே போய்விட்டு வெறுமனே திரும்பும் சைக்கிளை, நம் வீடுகள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பயிற்சி என்பது அப்படிப்பட்ட ஓட்டம்தான்.

திருமணமாகித் தென்காசிக்கு வந்து, மகள் பிறந்து, அவளுக்கு ஐந்து வயதானபோது நான் மறுபடி மிதிக்கத் தொடங்கினேன். கியர் வைத்த பழைய ரோடு சைக்கிள், கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிப் பழசாக்கியது, 22,000 ரூபாய். என் சம்பளத்தில் வாங்கினேன் என்பதை இங்கே எழுதிவைக்கத் தோன்றுகிறது. காலை நாலரைக்கு எழுந்து அரிசி களைந்து வைத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பி மேலகரம், குற்றாலம், ஐந்தருவி. திரும்பி வந்து இலஞ்சி வழியாக வீடு. ஆறரைக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். இட்லிப் பானையிலிருந்து ஆவி வராத நாளில் சைக்கிள்தான் குற்றவாளி. இந்த ஏற்பாட்டை உண்டாக்கிக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆனது. எத்தனை சமாதானம், எத்தனை மௌனம், எத்தனை அதிகப்படி வேலை என்பதை இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அது பந்தயம் அல்ல, யாரையும் முந்த வேண்டியதில்லை, 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். ஜூலை முதல் வாரத்தில் சளி பிடித்தது. எங்கள் குழுவில் என்னோடு ஓட்டும் ஒரு நண்பருக்கும் அதே வாரம் அதே சளி. அவர், "மூக்கு அடைச்சிருக்கு, பத்து நாள் ரெஸ்ட்" என்று குழுவில் செய்தி போட்டார். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மனைவி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்துச் சாவகாசமாகச் சைக்கிளை எடுத்தார்.

நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. சளி என்று வீட்டில் சொல்லவும் இல்லை. மாத்திரையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டேன். மூக்கில் விடும் சொட்டு மருந்தைக் கைப்பையில் ஒளித்து வைத்தேன். வீரம் இல்லை, பயம்தான். நான் பத்து நாள் சைக்கிளை எடுக்காமல் இருந்தால், அந்தப் பத்து நாளில் காலை ஐந்து மணி வேறு எதற்காவது போய்விடும். அத்தைக்கு ஐந்து மணிக்குக் காப்பி பழகிவிடும். "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்று ஒரு வாக்கியம் விழுந்துவிடும். பதினோராவது நாள் நான் மறுபடி முதலிலிருந்து அனுமதி வாங்க வேண்டும். அந்த நண்பரின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கும்போதும் அவருடையது. என்னுடையது ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் என்னுடையது.

மூக்கும் எனக்கு ஒத்துழைப்பதுபோல் நடித்தது. படுக்கையில் கல்லாக அடைத்திருக்கும் மூக்கு, மேலகரம் தாண்டுவதற்குள் திறந்துகொள்ளும். உடல் உழைக்கும்போது மூக்கின் உட்தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி வழிவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நோய் விலகியதால் வரும் திறப்பு இல்லை அது. இறங்கிச் சற்று நேரத்தில் மறுபடி அடைத்துவிடும். மேலும், வேகமாக மிதிக்கும்போது மூக்கை நம்பி யாரும் ஓட்டுவதில்லை. நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் காற்றுக்கு மேல் தேவைப்படும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மூக்கு செய்துவந்த வடிகட்டும் வேலையும் சூடாக்கும் வேலையும் அங்கே நின்றுபோக, சாரல் குளிரும் கேரளாவுக்குப் போகும் லாரிகளின் புழுதியும் நேரே தொண்டைக்குள் இறங்கும்.

சனிக்கிழமை செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போய்த் திரும்பினேன். காய்ச்சல் இருந்தது, எனக்குத் தெரியும். ரோடு சைக்கிளில் கைப்பிடி தாழ்வாக இருக்கும், குனிந்துதான் ஓட்ட வேண்டும். குனிந்தால் நெற்றிக்குள் உலக்கை இடித்தது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடி, ஒரு லாரியைப் போகவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று விழாமல் வந்தது தற்செயல். மறுநாள் காலை கண் மூடிக்கொண்டது.

கண்ணுக்கும் மூக்கின் பக்கத்தில் இருக்கும் எத்மாய்டு சைனஸுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய எலும்புதான் இருக்கிறதாம். சீழ் அதைத் தாண்டினால் பார்வை போகலாம், மூளை வரைக்கும் போகலாம். நான்கு நாள் படுக்கையில், நரம்பு வழியாக மருந்து ஏறியது. மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். முதல் நாள் பார்த்த மருத்துவர் என் கண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் திரும்பினார். "சார், மேடத்த இனிமே சைக்கிள் ஓட்ட விடாதீங்க." எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். நாக்கு வரண்டு கிடந்தது.

எத்தனை நாளைக்கு என்ற அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இருக்கிறது என்பது, ஒரு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் பெண். என்னைப் பார்த்துப் பேசினார். கழுத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ராண்டி ஐக்னர் என்ற அமெரிக்க மருத்துவர் 1990களில் விளையாட்டு வீரர்களுக்காகச் சொன்ன எளிய கணக்கு இது. மூக்கு ஒழுகல், அடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். தலை தெளிந்தால் தொடரலாம், மோசமானால் திரும்பிவிட வேண்டும். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி, மூச்சிரைப்பு என்று கீழே இறங்கிவிட்டால் ஓட்டவே கூடாது. காய்ச்சலோடு கடுமையாக உழைத்தால் சில வைரஸ்கள் இதயத் தசையைப் பிடிக்கக்கூடும்.

மிதமான பயிற்சி சளியை வளர்ப்பதும் இல்லை. அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வீட்னரும் அவருடைய குழுவினரும் தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமியை வேண்டுமென்றே விட்டு, ஒரு பகுதியினரை மட்டும் உடற்பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான முடிவு: பயிற்சி செய்தவர்களுக்குச் சளி கடுமையாகவும் இல்லை, நீளவும் இல்லை, சீக்கிரம் குணமாகவும் இல்லை. இதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அத்தை ஒருமுறை கேட்டார்கள்.

சாதாரணச் சளி பத்து நாளுக்குள் அடங்கத் தொடங்கிவிடும் என்றார் மருத்துவர். பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டாலோ, குறைந்து வந்தது திடீரென்று கூடினாலோ கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட சைனஸ், அதற்கு வைத்தியம் வேறு. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி என்றால் அன்றைக்கே மருத்துவமனை. நான் ஒளித்து வைத்திருந்த சொட்டு மருந்தையும் காட்டினேன். "எத்தனை நாளா விடுதீங்க?" மூன்று வாரம் என்றேன். அந்த வகை மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்றார். உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொன்னார், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சலால் வந்த சாவுச் செய்திகளை நாம் படித்தோம். அந்த அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர் என்று மூக்கில் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

போட்டிக்குப் போகும் மாணவிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆண்ட்ரியா ரதுகான், பதினாறு வயது ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, தங்கம் வென்றாள். சளிக்கு அணியின் மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபிட்ரின் இருந்தது. தங்கம் பறிபோனது. மேல்முறையீட்டிலும் திரும்பவில்லை. அந்த மருந்து பிறகு தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2010-இல் அளவு வரம்போடு மறுபடி சேர்க்கப்பட்டது. மருந்துக் கடையில் சளிக்கு என்று கேட்டு வாங்கும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 2012-இல் பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பிராட்லி விக்கின்ஸுக்கும் மூக்குதான் பிரச்சினை, மகரந்த ஒவ்வாமை. அவர் முறைப்படி விலக்கு அனுமதி வாங்கி, பந்தயத்துக்கு முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டார். விதி எதையும் அவர் மீறவில்லை. 2018-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று அவருடைய அணி அறத்தின் எல்லையைத் தாண்டியதாகச் சொன்னது. பட்டம் அவரிடமே இருக்கிறது. இரண்டு விளையாட்டு, இரண்டு காலம், ஒரே தராசில் வைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவருடைய மூக்குக்கு ஒரு அணியே காகிதம் தயார் செய்ததும், இன்னொருத்தி கொடுத்ததை விழுங்கியதும் மனதைவிட்டுப் போகவில்லை.

மருத்துவமனையில் நான் கிடந்த நான்கு நாளும் அம்மா கூட இருந்தாள். வரும்போதே சொளகையும் இலையையும் கொண்டுவர முடியாதே என்ற கவலை. பகல் முழுக்கக் கை சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் இரவு, அவள் தும்மவில்லை என்பதைக் கவனித்தேன். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா தும்முகிறவள். பீடித்தூள் மடியில், விரலிடுக்கில், கூந்தலில், சோற்றில். காலையில் எழுந்து பத்துத் தும்மல், இரவு படுக்கும்போது பத்து. மூக்கின் ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு. என்னையும் தம்பியையும் தொட்டிலில் போட்டு, தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சுற்றியிருக்கிறாள். என் மூக்கு அதனால்தான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். சோதனையில் எனக்கு வந்தது வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்கான ஒவ்வாமை.

"எத்தன வருசமா சுத்துத?" என்று கேட்டேன்.

"ஒம்பது வயசுலருந்து. இப்ப என்ன?"

"மூக்குக்குன்னு ஒருநாள் நிறுத்திருக்கியா?"

சிரித்தாள். "நிறுத்துனா கடையில பாஸ வேற ஆளுக்கு மாத்திருவான். மூக்கு என்னட்டி, இருந்தா அடைக்கத்தான் செய்யும்."

பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, 1976-இல் நல நிதிச் சட்டம் வந்திருக்கிறது. அம்மாவிடம் அடையாள அட்டைகூட இருக்கிறது. ஆனால் வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அது வேலை என்பதே மறந்துபோகிறது. ஒருநாள் சுற்றாவிட்டால் அன்றைய கூலி இல்லை, தொடர்ந்து சுற்றாவிட்டால் இடமே இல்லை. அவள் சொன்னதைக் கேட்டபோது, நான் சைக்கிளை நிறுத்தப் பயந்ததும் இதே பயம்தான் என்று தோன்றியது. ஆனால் ஒன்றில் நாங்கள் வேறு. என் மூக்கைக் காட்டி என் சைக்கிளை நிறுத்தச் சொல்ல வீட்டில் நாலு பேர், மருத்துவமனையில் ஒருவர், தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் மூக்கைக் காட்டிப் பீடியை நிறுத்தச் சொல்ல ஐம்பது வருடத்தில் ஒருவரும் இல்லை. நானும் சொன்னதில்லை. என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சொளகிலிருந்து வந்தது.

ஆகஸ்ட் ஓட்டம் கைவிட்டுப் போனது. செப்டம்பர் கடைசியில் மருத்துவர் சொன்ன கணக்குப்படி முதல் வாரம் தினமும் அரை மணி நேரம், மூச்சிரைக்காமல். வீட்டில் பேச்சு நடந்தது, இங்கே எழுதும் அளவுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இவர் என் பக்கம் பேசினார் என்றும் சொல்ல முடியாது, எதிர்த்தார் என்றும் சொல்ல முடியாது. காலை இட்லியை வாரம் மூன்று நாள் அவர் பார்த்துக்கொள்கிறார். ஜனவரியில் 200 கிலோமீட்டரை 12 மணி 50 நிமிடத்தில் முடித்தேன்.

இந்த ஜூலையிலும் சளி பிடித்தது. இம்முறை ஒளிக்கவில்லை. அடுக்களையில் பால் கணக்கு எழுதும் காலண்டரில், அன்றைய தேதியிலிருந்து பத்துக் கட்டங்களுக்குக் கோடு இழுத்து "ஓய்வு" என்று எழுதினேன். பதினோராவது கட்டத்தில், "5 மணி, ஐந்தருவி". அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்கள். "அப்ப திங்கக்கிழமை போறியா?" என்றார்கள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை; தேதி அங்கே எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓய்வின் நாலாவது நாள், மதியம் அம்மாவுக்குப் போன் செய்தேன். துணியில் ஒரு முகக்கவசம் தைத்துக் கொடுத்திருந்தேன், போடுகிறாளா என்று கேட்க. எடுத்ததும் ஆறு தும்மல். எண்ணினேன். கவசம் எங்கே என்றேன். மூக்கு வேர்க்கிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது, இலை சரியாகத் தெரியவில்லை என்றாள். பத்து நாள் இங்கே வந்து இரு என்றேன்.

"நாலு கட்டு பாக்கி கெடக்கு. முடிச்சிட்டுப் பேசுதேன், வைய்யி" என்றாள்.